கங்கைகொண்டானின் கற்கள்

ஸ்தல யாத்திரை என்றால் தஞ்சையும் மதுரையும், உல்லாஸப் பிரயாணம் என்றால் உதகையும் கோடைக்கானலும் என்று எண்ணி நமது ஜனங்கள் பழகிவிட்டார்கள். முன்னர் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்து, இப்பொழுது பெரம்பலூர், அரியலூர் என இரண்டு ஜில்லாக்களாய் நிற்கும் பிரதேசத்தை, வறண்ட பூமி என்றும் சிமிட்டி ஆலைகளின் புழுதி படிந்த இடம் என்றும் கருதி, ரயிலிலும் மோட்டாரிலும் தாண்டிச் செல்வோரே அநேகர். இது பெருந்தவறு என்பது நமது துணிபு.

மலைக்காட்சி வேண்டுவோர்க்குப் பச்சைமலை இருக்கிறது. மழைக்காலத்தில் மயிலூற்று, கோரையாறு முதலிய அருவிகள் அங்கே பெருகி விழும். திருச்சி–சென்னை ராஜபாட்டையில் ரஞ்சன்குடிக் கோட்டையையும், 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நமது நவாபுகளின் பெயரால் பொருதிய வாலிகண்டபுரத்தையும் காணலாம். சாத்தனூரில் சுமார் 60 அடி நீளமுள்ள மரமொன்று கல்லாய்ச் சமைந்து கிடக்கிறது. சுமார் 12 கோடி வருஷங்களுக்கு முன் இங்கே கடல் இருந்தது என்பதற்கு அது சாட்சி. பழுவேட்டரையர் என்ற பெயரை நாவலில் மட்டும் கண்டு களித்தோர், மேலப்பழுவூர், கீழப்பழுவூர்க் கோயில்களை நேரில் கண்டால், அவர்கள் கதாபாத்திரங்கள் மட்டுமல்லர் என்பதை உணர்வார்கள்.

ஆயினும் இவையனைத்துக்கும் சிகரமாய் விளங்குவது ஜயங்கொண்டத்துக்கு அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரமே. தன் சேனை கங்கைக்கரை வரை சென்று வென்று திரும்பியதன் ஞாபகார்த்தமாக முதலாம் ராஜேந்திரன் நிர்மாணித்த இந்நகரம், ஏறக்குறைய 250 வருஷங்கள் சோழ ஸாம்ராஜ்யத்தின் தலைநகராயிருந்தது. தோற்ற மன்னர்கள் சுமந்து வந்த கங்கை நீரைச் சேர்த்த சோழகங்கம் என்னும் ஏரியை, நீராலாகிய வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. 16 மைல் நீளக் கரையுடையதாயிருந்த அவ்வேரியில் ஒரு பகுதியே இன்று பொன்னேரி என வழங்குகிறது.

தஞ்சை விமானம் 13 நிலைகளுடன் நேராக எழும். இங்குள்ளது 9 நிலைகளுடன், சற்றே உள்வளைந்து, நளினமாக உயர்கிறது. தந்தையின் கோயிலில் கம்பீரம், மைந்தன் கோயிலில் லாவண்யம் என்று கூறினால் மிகையாகாது. வடபுற வாயிற்படியருகே உள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்தியின் முன்னே நாம் எத்தனை நேரம் நின்றாலும் தகும். உமையோடு வீற்றிருக்கும் பெருமான், கைகூப்பி அமர்ந்த அடியாரின் சிரஸில் மலர்மாலையைச் சுற்றுகிறார். அடியாரின் முகத்தில் தோன்றும் அடக்கத்தைக் கண்டு, இவர் ராஜேந்திரனேயோ என்று ஐயுற்ற அறிஞரும் உண்டு. எதிர்ப்புறத்திலுள்ள ஸரஸ்வதியும், ஒரே கல்லில் அமைந்த நவக்கிரகமும், சிங்கமுக வாயிலுடைய கிணறும் காணத்தக்கவை.

இத்தகைய கோயிலின் மதில் எங்கே? கோபுரம் எங்கே? மாலிக் காபூரைக் குறை கூறி அமைவது சிலருக்கு எளிது. அதிகத் தொலைவு செல்ல வேண்டாம். 1836-ல் கொள்ளிடத்தின் மீது கீழணை கட்டப்பட்டபோது, கும்பினி சர்க்காரின் வேலைக்காரர்கள் இக்கோயிலின் மதிலைப் பெயர்த்துக் கல் எடுத்துச் சென்றார்கள். சிற்பங்கள் நிறைந்த கற்களும் அதில் அடங்கின. ஏழைக் கிராமவாசிகள் தடுத்தார்கள். தடுத்தவர்களுக்குத் தண்டனையே கிடைத்தது. கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்களிக்கப்பட்டது; அவ்வாக்கும் காற்றில் போயிற்று. இதனை நாம் கட்டிக் கூறவில்லை. ஆங்கிலேயர் காலத்திலேயே, 1855-ல் வெளியான கெஜட்டியர் வெட்கத்துடன் ஒப்புக்கொண்டிருக்கும் செய்தி இது.

கீழணையால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. அதன் நீர் வடவாற்றின் வழியே வீராணத்தை நிரப்புகிறது. வீராணத்தின் நீரை 2004 முதல் சென்னைவாசிகளும் பருகுகிறார்கள். அந்த வீராணத்தை வெட்டியவரும் ஒரு சோழரே என்பதையும், அவர் யாருடைய கோயிலையும் இடிக்கவில்லை என்பதையும் மட்டும் நினைவூட்டுகிறோம். மலையுள்ள தேசத்தில் கல்லுக்கா பஞ்சம்? வண்டிக்கூலி மிச்சம் என்பதன்றி வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரிக்கப்பட்டபின் இக்கோயிலுக்கு வருவோர் தொகை பெருகியிருக்கிறது. மாணவர்களை அழைத்து வரும் உபாத்தியாயர்கள் ராஜேந்திரனின் வெற்றிகளோடு, மதிலைக் காக்க நின்று தண்டனையடைந்த பெயரறியாக் குடியானவர்களையும் அவர்களுக்குச் சொல்லவேண்டும். பொன்னேரியின் கரைமீதும் சிறிது தூரம் நடத்திக் காட்டவேண்டும். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்குத் திரளும் பக்தர்கள், வீடு திரும்புமுன் சில மைல் தெற்கே அணைக்கரைக்கும் செல்வார்களாக. கோயிலின் மற்றொரு பாதி அங்கேதான், கொள்ளிடத்து நீருக்கடியில் இருக்கிறது.