காசாளர் இல்லாத கடை

கரவெட்டி மக்கள் கூப்பன் புத்தகத்துடன் சங்கக்கடை வாசலிலே வரிசையாக நின்ற காலம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசிப் பங்கீடு வந்தபோது இலங்கையெங்கும் பெருகியவை அக்கூட்டுறவுக் கடைகள். மேசைக்கு அப்பால் நிற்பவர் அரிசியை அளப்பார், சீனியை நிறுப்பார், கூப்பனை வெட்டுவார், காசை எண்ணி வாங்குவார். வந்தவருக்கு வேலை ஒன்றே: பையை விரித்துப் பிடிப்பது. நிறையிலே ஐயம் தோன்றினால் அவ்விடத்திலேயே கேட்கலாம். சங்கத்தின் அங்கத்தவராயின் பொதுக்கூட்டத்திலும் எழுந்து கேட்கலாம்.

இன்று அதே ஊரிலிருந்து கனடாவுக்கும் இலண்டனுக்கும் பிள்ளைகளிடம் செல்லும் முதியோர், அங்குள்ள பெருங்கடைகளிலே ஒரு பொறியின் முன் தனியே நிற்க நேரிடுகிறது.

இம்மாற்றம் இரண்டு படிகளில் நிகழ்ந்தது. 1916ஆம் ஆண்டிலே கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலே ‘பிக்லி விக்லி’ என்னும் கடையைத் திறந்து, தட்டுகளிலுள்ள பண்டங்களை வாங்குவோரே எடுத்துவரச் செய்தார். கடைச்சிப்பந்தியின் பாதி வேலை அன்றே கைமாறிற்று. எஞ்சிய பாதி, அதாவது கணக்கிடுதல், 1980களிலே அதே நாட்டில் தோன்றிய தானியங்கிப் பொறியினால் கைமாறத் தொடங்கிற்று. கூலி மட்டும் எவருக்கும் கைமாறவில்லை!

பொறி செயற்படும் விதம் எளிது. பண்டத்தின் மேலுள்ள கோட்டுக் குறியீட்டைக் கண்ணாடிக்கு நேரே காட்டினால் விலை பதிவாகும். குறியீடில்லாத கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் திரையிலுள்ள படங்களின் நடுவே தேடித் தொடுதல் வேண்டும். பல பொறிகளிலே, பை வைக்கும் தட்டின் அடியில் ஒரு தராசு மறைந்திருக்கிறது. பதிவான பண்டத்துக்குரிய நிறையும் தட்டில் ஏறிய நிறையும் ஒவ்வாவிடின் பொறி நின்றுவிடும், விளக்கு எரியும். பல பொறிகளுக்குப் பொறுப்பான ஒரே ஊழியர் வந்து விடுவிக்கும்வரை அம்மூதாட்டி அங்கேயே நிற்பார். அவர் செய்த பிழை, தம் கைப்பையைத் தட்டில் வைத்ததாக இருக்கலாம். ஆயினும் சுற்றி நிற்போர் பார்வையிலே அவர் களவெடுத்தவர் போலாகிறார். மொழியறியாதவர் தம்மை விளக்குவது எவ்வாறு?

பொறியால் நன்மை இல்லையெனல் நேர்மையன்று. பாணும் பாலும் மட்டும் வாங்கி வேலைக்கு விரைபவருக்கு அது பேருதவி. பேச விரும்பாதவருக்கும் அது ஆறுதலே. கேடு பொறியிலே இல்லை; அதை வைத்த கடைக்காரர் ஆளுள்ள வரிசையை மெல்ல மூடிவிடுவதிலேதான் இருக்கிறது.

இதனைச் சில வணிகர்களே உணர்ந்துள்ளனர். வட இங்கிலாந்தின் ‘பூத்ஸ்’ நிறுவனம் 2023ஆம் ஆண்டிலே, தன் 28 கடைகளுள் இரண்டு தவிர்ந்த ஏனையவற்றிலிருந்து இப்பொறிகளை அகற்றுவதாக அறிவித்தது. நெதர்லாந்தின் ‘யம்போ’ நிறுவனமோ 2019ஆம் ஆண்டிலே, அவசரமில்லாதோர் காசாளருடன் ஆறுதலாகப் பேசிக் கணக்குத் தீர்ப்பதற்கென்றே ஒரு வரிசையைத் திறந்தது. தனிமையில் வாழும் முதியோரை எண்ணித் தொடங்கிய அவ்வரிசையை 200 கடைகளுக்கு விரிக்க 2021இல் அந்நிறுவனம் தீர்மானித்தது. அவ்வரிசையிலே முன்னால் நிற்பவர் எவ்வளவு நேரம் பேசினாலும், பின்னால் நிற்பவர் முகஞ்சுளிப்பதற்கில்லை.