ஐந்து நாள் கருத்தரங்கும் ஐம்பது நாள் தயாரிப்பும்



சென்ற தீபாவளிக்கு முந்தின வாரம் என் மருமகள் ஒரு கனத்த உறையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். அவள் இந்த ஊரில் ஒரு இந்தி மீடியம் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. வேலைக்குப் போய்க்கொண்டே கல்வியியலில் எம்.ஏ. படிக்கிறாள். அந்தப் படிப்பில் ஒரு பகுதியாக டில்லியில் ஐந்து நாள் தீவிரக் கருத்தரங்கு. தலைப்பு 'கல்வித் தொழில்நுட்பத் திட்டமிடல்'. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை வகுப்பு, இரவில் குழு வேலை. ஐந்தாம் நாள் ஒவ்வொருவரும் ஒரு பள்ளிக்கான திட்டத்தை எல்லோர் முன்னிலையிலும் சமர்ப்பிக்க வேண்டும். அதற்கு இன்னும் ஐம்பது நாள் இருந்தது. உறைக்குள் படிக்க வேண்டிய கட்டுரைகள் முந்நூறு பக்கம்.

"டிப்ளமா படித்தவனிடம் எம்.ஏ. பாடத்தைக் கேட்கிறாயேம்மா!" என்றேன்.

"முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில் திட்டம் போட்டுத்தானே வேலை பார்த்தீர்கள் மாமா?" என்றாள்.

அந்த ஐம்பது நாளில் அவளோடு சேர்ந்து நானும் கொஞ்சம் படித்தேன். நம் சங்கக் குடும்பங்களில் ஆசிரியைகள் பலர் உண்டு, பி.எட்., எம்.எட். படிக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன். நம் சங்கத்துக்கும் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தயாரிப்பு ஏன் நீளமாக வேண்டும்?

நான் சிக்னல் பிரிவில் இருந்தவன். ஒரு நிலையத்தில் பழைய லீவர் பிரேமை எடுத்துவிட்டுப் புதிய பேனல் போடும்போது சில நாட்களுக்கு இன்டர்லாக்கிங் இல்லாமல், ஆட்களை வைத்தே வண்டிகளை நடத்த வேண்டும். அந்த நாட்களை நாங்கள் 'என்.ஐ.' என்போம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தச் சில நாள்தான் வேலை. உண்மையில் கேபிள் இழுப்பது, ஒவ்வொரு கம்பியையும் சோதிப்பது, வரைபடத்தோடு ஒப்பிடுவது எல்லாம் பல மாதம் முன்பே தொடங்கிவிடும். முன்வேலை முடிந்திருந்தால் என்.ஐ. நாட்கள் அமைதியாகப் போகும். முடியாவிட்டால் தூக்கமும் போகும், பெயரும் போகும்.

தீவிரக் கருத்தரங்கும் அப்படித்தான். அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று போகிறவர் ஐந்து நாளும் மற்றவர் பேசுவதைக் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்துவிட்டுத் திரும்புவார்.

எதைத் திட்டமிடுகிறோம்?

கல்வித் தொழில்நுட்பம் என்றதும் நமக்குக் கம்ப்யூட்டரும் ஸ்மார்ட் போர்டும் நினைவுக்கு வருகின்றன. கருவி வாங்குவது திட்டத்தில் ஒரு வரி மட்டுமே. மாணவனுக்கு எது புரியவில்லை, அதற்கு இந்தக் கருவிதான் வேண்டுமா, யார் கற்பிப்பார், எந்த மொழியில், பழுதானால் யார் பார்ப்பார், பணம் நின்றபின் என்ன ஆகும்? இந்த ஆறு கேள்விகளுக்கும் பதில் எழுதுவதுதான் திட்டமிடல்.

இது எனக்கு அனுபவத்தில் தெரிந்த பாடம். ஒரு சிறு நிலையத்தில் புதிய பேனல் போட்டோம். நிலைய அதிகாரிகளுக்குப் பழக்கம் கொடுக்க ஒரு நாள் ஒதுக்கியிருக்க வேண்டும். அவசரத்தில் நான் விட்டுவிட்டேன். முதல் இரவே எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்று தெரியாமல் அவர் திகைக்க, வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு ரிலேகூடப் பழுதில்லை. பழுது என் திட்டத்தில் இருந்தது.

படிக்க வேண்டிய நான்கு கதைகள்

முந்நூறு பக்கத்தையும் மனப்பாடம் செய்ய முடியாது. ஆகவே நான்கு முயற்சிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் அந்த ஆறு கேள்விகளையும் போட்டு ஒரு பக்கத்தில் பதில் எழுதச் சொன்னேன்.

முதலாவது, 'சைட்' என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனை. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக, ஆந்திரம், கர்நாடகம், ஒரிஸ்ஸா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் போயின. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. கோழிவலைக் கம்பியால் செய்த பத்தடி ஆன்டெனாவை வைத்துப் படம் பிடித்தார்கள். நாசாவோடு ஒப்பந்தம் ஆனது 1969ல். ஒரு வருட ஒளிபரப்புக்கு ஆறு வருடத் தயாரிப்பு! பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஏற்பாடும், பயனை ஆராயும் ஏற்பாடும் திட்டத்திலேயே இருந்தன. ஆனால் ஒரு வருடம் முடிந்ததும் அந்தச் செயற்கைக்கோள் நமக்கு இல்லை. நம் இன்சாட்-1பி மேலே போனது 1983ல்தான். 'பிறகு என்ன?' என்ற ஆறாவது கேள்வியின் கனம் இங்கே தெரிகிறது.

இரண்டாவது, 1984-85ல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டம். முதலில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர்கள் வந்தன. கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வதே நோக்கம். கணக்கு ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் தம் அன்றாடப் பாடத்துக்கு அதை எப்படிக் கையாள்வது என்பது வேறு கேள்வி. சில வருடங்களில் உலகமே வேறு வகைக் கம்ப்யூட்டருக்கு மாறியது. கருவியின் ஆயுளைவிடத் திட்டத்தின் ஆயுள் நீளமாக இருக்க வேண்டும் என்பது இதில் நான் எடுத்துக்கொண்ட பாடம்.

மூன்றாவது, தென் அமெரிக்காவில் பெரு நாடு. குழந்தைக்கு ஒரு லேப்டாப் என்ற திட்டத்தில் அங்கே லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். கிராமப்புறத்தில் 319 பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வு 2012ல் வெளியானது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை என்பது அதன் முடிவு. பெட்டி பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பாடத்துக்குள் போய்ச் சேரவில்லை.

நான்காவது, நமக்கு அண்டை மாநிலமான கேரளம். 2001ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் ஆசிரியர்களுக்குள்ளேயே சிலரைத் தேர்ந்து பயிற்சியாளர்களாக்கி, அவர்கள் மூலம் மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள். காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டாத மென்பொருளை எடுத்து மலையாளத்தில் பயன்படுத்தினார்கள். 2018ல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் மன்றங்கள் ஏற்பட்டன. வகுப்பறைக் கருவிகளைக் கவனித்துக்கொள்வதில் அந்தப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. ஐந்தாவது கேள்விக்கு இப்படியும் ஒரு பதில் இருக்கிறது பாருங்கள்!

ஒரு பள்ளியை நேரில் பாருங்கள்

காகிதத்தில் படித்தது போதாது. ரயில் பாதை போடுமுன் நடந்து பார்ப்பது போல ஒரு பள்ளியையாவது நடந்து பார்க்க வேண்டும். 2023-24ம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியப் பள்ளிகளில் 57.2 சதவீதத்தில்தான் வேலை செய்யும் கம்ப்யூட்டர் இருந்தது. இணைய வசதி 53.9 சதவீதத்தில். இது நாட்டின் சராசரி. உங்கள் பள்ளியின் நிலை நீங்கள் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

மருமகள் தன் பள்ளியிலேயே ஒரு சனிக்கிழமை இதைச் செய்தாள். எத்தனை பிளக் பாயின்ட், எர்த்திங் சரியாக இருக்கிறதா, மின்சாரம் எந்த நேரத்தில் போகிறது, மழையில் எந்தச் சுவர் ஒழுகுகிறது, அறைச் சாவி யாரிடம், அவர் லீவு போட்டால் யாரிடம் என்று எல்லாம் எழுதிக்கொண்டாள்.

பிறகு இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், பத்துக் கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு நான்கு பேர். பீரியட் நாற்பது நிமிடம். வந்து உட்கார்ந்து பெட்டியைத் திறக்க எட்டு நிமிடம் போனால் மீதி முப்பத்திரண்டு. ஆளுக்கு எட்டு நிமிடம், அதுவும் வாரம் ஒரு முறை! எட்டு நிமிடத்தில் எதைக் கற்பிக்கலாம் என்பதிலிருந்து திட்டம் தொடங்க வேண்டும்.

செலவும் அப்படியே. ஒன்று 40,000 ரூபாய் என்றால் பத்துக்கு 4 லட்சம். நன்கொடையாளர் கண்ணுக்குத் தெரிவது இது மட்டும். பழுது, பராமரிப்புக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது வருடம் 40,000, இணையத்துக்கு மாதம் 1,000 வீதம் 12,000, யு.பி.எஸ். பாட்டரி, மின்கட்டணம், சில்லறைக்கு 13,000. ஆக வருடம் 65,000. ஐந்து வருடத்தில் 3,25,000. வாங்கிய விலைக்குக் கிட்டத்தட்ட சமமாக இன்னொரு தொகை வேண்டும். இந்த விலைகள் உதாரணத்துக்குச் சொன்னவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

கருத்தரங்கில்

கிளம்பும்போது நான் சொல்லியனுப்பியவை நான்குதான். ஆறு கேள்விகளையும் ஒரே தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள். தினமும் ஒரு நல்ல கேள்வியாவது கேள். இரவு எத்தனை மணியானாலும் அன்று மனம் மாறிய விஷயத்தை அரைப் பக்கம் எழுதிவிட்டுப் படு. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர்களைப் பார்த்துப் பின்வாங்காதே. உன் பள்ளியின் பிளக் பாயின்ட் கணக்கு அவர்களிடம் இல்லை.

ஐந்தாம் நாள் அவள் சமர்ப்பித்த திட்டத்தில் புதிய கம்ப்யூட்டர் ஒன்றுகூட இல்லை. இருக்கிற எட்டைப் பழுதுபார்ப்பது, ஒரு அறைக்கு வயரிங், ஒரு புரொஜெக்டர், இரண்டு ஆசிரியைகளுக்குப் பயிற்சி, எட்டாம் வகுப்பு விஞ்ஞானத்தில் பிள்ளைகளுக்குக் கடினமான நான்கு பாடங்கள், அவ்வளவுதான். துருவித் துருவிக் கேட்டார்களாம். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது.

நம் சங்கத்துச் சங்கதி

ஞாயிறு தமிழ் வகுப்புக்காக நம் சங்கத்தில் ஆறு கம்ப்யூட்டர்கள் வாங்கியது பலருக்கு நினைவிருக்கும். நன்கொடை திரட்டியவர்களில் நானும் ஒருவன். திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றினோம், கேசரி சாப்பிட்டோம். பிள்ளைகள் கை வைத்தால் கெட்டுவிடும் என்று பயந்து அறைச் சாவியை நான் வீட்டில் வைத்துக்கொண்டேன். நான் கும்பகோணம் போனால் இரண்டு மாதம் அறை பூட்டியே கிடக்கும். தமிழ் வகுப்பு எடுக்கும் சகோதரிகளிடம், 'உங்களுக்கு இதில் என்ன வேண்டும்?' என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்று அவை துணி போர்த்தியபடி இருக்கின்றன. 'அ' எழுதத் தெரியாமல் வந்த பிள்ளைகள் வளர்ந்து, தெரியாமலே கல்லூரிக்கும் போய்விட்டார்கள்.

வரும் பொதுக்குழுவில் ஸ்மார்ட் போர்டு வாங்கும் யோசனை வர இருக்கிறது. நான் எதிர்க்கப் போவதில்லை. என் விண்ணப்பம் ஒன்றே. வாக்கெடுப்புக்கு முன் அந்த ஆறு கேள்விகளுக்கும் ஒரு தாளில் பதில் எழுதி உறுப்பினர்களுக்குக் கொடுப்போம். முதல் பதிலை வகுப்பு எடுக்கும் சகோதரிகள் எழுதட்டும். வாங்குவது என்று முடிவானால் ஐந்து வருடச் செலவையும் சேர்த்தே நன்கொடை கேட்போம்.

அறைச் சாவியைச் சென்ற ஞாயிறன்றே அவர்களிடம் ஒப்படைத்துவிட்டேன். ஆறில் இரண்டு பெட்டிகள் இன்னும் ஓடுகின்றன.