செக் காதில் விழுந்த தமிழ்

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை, வாழையிலை, காப்பிப் பொடி என்று பை நிறைய வாங்கிக்கொண்டு கிளம்பும் தமிழ்ப் பெண்மணி கடைக்காரரிடம் "வரேன்" என்பார். அங்கேயே மீன் வாங்கித் திரும்பும் வங்காளி "ஆஷ்சி" என்பார். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. விடைபெறும்போது போவதாகச் சொல்லக் கூடாது, வருவதாகத்தான் சொல்ல வேண்டும் என்று இரு வீட்டுப் பெரியவர்களும் பழக்கியிருக்கிறார்கள். எனக்கு இதைவிட வியப்பான ஒற்றுமை இன்னொன்று உண்டு. "வரேன்" என்பதைத் தாளில் எழுதச் சொன்னால் நாம் "வருகிறேன்" என்றுதான் எழுதுவோம். "ஆஷ்சி"யும் நூறாண்டுக்கு முன்புவரை புத்தகத்தில் ஏறும்போது பெரும்பாலும் "ஆஷிதேச்சி" என்று நீண்டுவிடும். வாயில் ஒரு வடிவம், தாளில் ஒரு வடிவம்.

அந்தச் சந்தையில் ஒலிக்கும் இந்த இரண்டு மொழிகளையும் ஐரோப்பாவில் ஆழ்ந்து கற்றவர்களில் செக் அறிஞர்களுக்குத் தனி இடம் உண்டு. வங்காளத்துக்கு வின்சென்ஸ் லெஸ்னி, துஷான் ஸ்பாவிதெல். தமிழுக்குக் கமில் சுவெலபில். சுமார் ஒரு கோடிப் பேர் பேசும் மொழிக்காரர்களுக்கு ஏன் இத்தனை ஈடுபாடு? விடையில் ஒரு பகுதி அவர்களுடைய தாய்மொழியின் கதையிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

16-ஆம் நூற்றாண்டில் செக் செழித்த இலக்கிய மொழி. 1579 முதல் பகுதி பகுதியாக அச்சேறிய க்ராலிட்சே பைபிள் அதன் உரைநடைக்கு உச்சம். 1620-இல் வெள்ளை மலைப் போரில் செக் நாட்டுப் போஹீமியர்கள் ஹாப்ஸ்பர்க் பேரரசர் தரப்பிடம் தோற்றார்கள். அதன்பின் அரசு அலுவல், உயர்கல்வி, மேட்டுக்குடிப் பேச்சு எல்லாம் மெல்ல மெல்ல ஜெர்மன் கைக்குப் போயின. கிராமத்திலும் அடுக்களையிலும் செக் உயிரோடு இருந்தது. தன் போக்கில் மாறிக்கொண்டும் இருந்தது. யோசெஃப் டோப்ரோவ்ஸ்கி 1809-இல் விரிவான இலக்கணம் எழுதியபோது அந்தத் தெருப் பேச்சை அளவாகக் கொள்ளவில்லை. இரு நூற்றாண்டுகளைத் தாண்டிப் பின்னால் போய், பழைய பைபிள் காலத்து மொழியை எடுத்துக்கொண்டார். செக் இலக்கணத்தையே அவர் ஜெர்மனில்தான் எழுதினார் என்றால் அன்றைய நிலை புரியும். பிறகு யோசெஃப் யுங்மன் 1834 முதல் 1839 வரை ஐந்து தொகுதி அகராதி கொண்டுவந்தார். விட்டுப்போன சொற்களுக்குப் போலிஷ், ரஷ்யன் போன்ற உறவு மொழிகளில் கைவைத்தார்.

விளைவை இன்றும் பிராக் நகரில் கேட்கலாம். 'நல்ல' என்பது எழுத்தில் 'டோப்ரீ', வீட்டுப் பேச்சில் 'டோப்ரெய்'. ஜன்னல் எழுத்தில் 'ஒக்னோ', பேச்சில் 'வொக்னோ'. இந்த வகரம் எங்கிருந்து வந்தது? "ஒண்ணு, ரெண்டு" என்று சத்தமாக எண்ணிப் பாருங்கள். ஒகரத்துக்காக உதடு குவியும்போதே மெல்லிய வகரம் ஒன்று முந்திக்கொண்டு ஓடிவரும்: 'வொண்ணு'. உதடு குவியும் அந்தக் கணத்தில் பிறக்கும் ஒலி இது. எந்த உறவும் இல்லாத இரண்டு மொழிகள், தனித்தனியே ஒரே வழியில் நடந்திருக்கின்றன.

1926-இல் வில்லெம் மதேசியுஸ் முன்நின்று தொடங்கிய பிராக் மொழியியல் வட்டம், பேச்சும் எழுத்தும் பிரிந்து நிற்கும் இந்தச் சிக்கலை நேராகவே எதிர்கொண்டது. பழையது என்பதற்காகவே ஒரு வடிவம் சரியாகிவிடாது. இன்றைய நல்ல எழுத்தாளர்கள் கையில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்று 1932-இல் தூய்மைவாதிகளோடு வாதாடினார்கள்.

பழமை மோகத்துக்கு அந்த நாடு பெரிய விலை கொடுத்திருந்தது. 1817-இல் வாட்ஸ்லாவ் ஹன்கா என்பவர் 13-ஆம் நூற்றாண்டுச் சுவடி கிடைத்தது என்று அறிவித்தார். வீரப் பாடல்கள் நிறைந்த சுவடி, நாடே கொண்டாடியது. 1886-இல் யான் கெபாவர் என்ற இலக்கண அறிஞர் அதன் சொல் வடிவங்களைப் பழைய செக் நூல்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, அந்தக் காலத்து மொழியில் இவை இருந்திருக்க முடியாது என்று காட்டினார். அதைத் தம் இதழில் வெளியிட்டவர் தோமாஷ் மசாரிக். தேசத்துரோகி என்ற பழிச்சொல் அவர்மேல் விழுந்தது. 1918-இல் பிறந்த செக்கோஸ்லோவாக்கியாவுக்கு முதல் குடியரசுத் தலைவர் ஆனவரும் அவரே. தன் மொழியை நேசிப்பவன் அதன் பெயரால் சொல்லப்படும் பொய்யை ஏற்க முடியாது என்ற அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அதே சோதனைக் கண் பிறகு வங்காளத்துக்கும் வந்தது. தினேஷ் சந்திர சென் பதிப்பித்த மைமன்சிங் கதைப்பாடல்கள் உண்மையிலேயே மக்கள் பாடியவையா, யாராவது இயற்றிக் கலந்தவையா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. ஸ்பாவிதெல் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலைக் கல்கத்தா பல்கலைக்கழகமே 1963-இல் வெளியிட்டது. பதிப்பில் கைபட்டிருந்தாலும் அடிப்படையில் அவை நாட்டார் பாடல்களே என்பது அவர் முடிவு. இங்கே சந்தேகத்தால் பாடல்களுக்கு நன்மையே நடந்தது.

லெஸ்னி இவருக்கு ஒரு தலைமுறை மூத்தவர். ஐரோப்பாவில் பலரும் தாகூரை ஆங்கிலம் வழியாகப் படித்துக்கொண்டிருந்த 1914-லேயே வங்க மூலத்திலிருந்து செக்கில் பெயர்த்தவர். அதே ஆண்டு கல்கத்தாவில் பிரமத சௌதுரி 'சபுஜ் பத்ரா' என்ற இதழைத் தொடங்கி, பேச்சுக்கு நெருங்கிய சலித் நடையை எழுத்தில் ஏற்றப் போராடினார். தாகூர் பக்கபலமாக நின்றார். 'ஆஷ்சி' புத்தகத்துக்குள் நுழைந்தது அப்படித்தான். செக் மொழி பழைய வடிவத்திலேயே நின்றது. தமிழ் கதையில் உரையாடலுக்கு ஒன்று, கட்டுரைக்கு ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொண்டது.

சுவெலபில் அந்த இரண்டையும் விடவில்லை. சங்கப் பாடல்களில் ஊறியவர் அவர். பேச்சுத் தமிழைக் கொச்சை என்று பண்டிதர்கள் தள்ளிய காலத்தில், 1959 முதல் 'ஆர்கிவ் ஓரியன்டால்னி' என்ற பிராக் ஆய்விதழில் தமிழின் வழக்குகளைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். 1968-இல் சோவியத் படைகள் பிராகில் நுழைந்தபின் நாட்டை விட்டு வெளியேறி, பின்னாளில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தமிழ் இலக்கியத்தை உலகுக்குச் சொன்ன அவருடைய 'முருகனின் புன்னகை' 1973-இல் வந்தது. நீலகிரி இருளர் மொழியைப் பற்றிய அவருடைய நூலின் முதல் பகுதி வந்ததும் அதே ஆண்டுதான். அந்த மொழிக்கு ஏடில்லை. பேசுகிறவர் வாயிலிருந்து ஒலியொலியாகக் கேட்டுத்தான் அதை எழுதியாக வேண்டியிருந்தது.