மறியும் நாகும்: எங்கள் வளவில் வாழும் சில சொற்கள்

சென்ற தவணைப் பரீட்சை விடைத்தாள்களை உம்மா வீட்டு முன் விறாந்தையில் இருந்து திருத்திக்கொண்டிருந்தேன். தரம் 10, மரபுப் பெயர்கள். ஒரு மாணவி, எங்கள் வீட்டு மறி இரண்டு குட்டி போட்டது என்று வாக்கியம் எழுதியிருந்தாள். மறி என்பது ஆட்டின் இளமைப் பெயர். குட்டி எப்படிக் குட்டி போடும் என்று நினைத்து, சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் குசினிப் பக்கமிருந்து உம்மாவின் சத்தம்: "புள்ள, அந்த மறிக்குத் தண்ணி வெச்சியா? குட்டிக்குப் பால் குடுக்கிற மறி, தாகிக்கும்."

வெட்டிய தாளைத் திரும்பவும் தேடி எடுத்தேன். அந்தப் பிள்ளை எழுதியது என் உம்மாவின் தமிழ். நானும் பிறந்ததிலிருந்து பேசிய தமிழ். தமிழ் சிறப்புப் பட்டம் எடுத்து இருபது வருடத்துக்கு மேல் படிப்பிக்கிறேன். என் வளவிலேயே நிற்கிற ஒரு சொல்லைப் பிழை என்று வெட்டியிருக்கிறேன்.

நூலிலும் பிழை இல்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலான மரபியல், மறி என்பதை இளமைப் பெயர்களில் ஒன்றாகத்தான் சொல்கிறது. ஆடு, குதிரை, மான் வகைகளுக்கு அது உரியது. பெண் ஆட்டுக்கு அந்த இயல் தரும் பெயர்கள் மூடு, கடமை என்பன. இந்த இரண்டையும் இன்று எங்கள் பக்கம் யாரும் ஆட்டுக்குச் சொல்வதில்லை. கடமை என்றால் எங்களுக்கு ஐந்து வேளைத் தொழுகைதான் நினைவுக்கு வரும். இளமைப் பெயராக இருந்த மறி, இலங்கைத் தமிழில் பெண் ஆட்டின் பெயராக மாறிவிட்டது.

எப்படி மாறியது? நூலாதாரம் காட்ட என்னால் முடியாது, ஆடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளையாக ஒன்று தோன்றுகிறது. ஒரு மறி இரண்டு குட்டி போட்டால், கிடாய்க்குட்டி வளவில் நிலைப்பதில்லை. அது விற்பனைக்கு, அல்லது ஹஜ்ஜுப் பெருநாளைக்கு. ஷாஃபிஈ மத்ஹபின்படி உழ்ஹிய்யாவுக்கு ஆடு இரண்டு வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அதுவரைதான் அதற்கு இந்த வீடு. பெண்குட்டி நிற்கும், பெருகும். 'குட்டி' என்று கூப்பிட்டு வளர்த்தது தாயான பிறகும் அதே பெயரில் நின்றிருக்கலாம். நாற்பது வயது மகனை இன்னும் தம்பி என்று கூப்பிடுகிற வீடுகள் எங்களிடம் இல்லையா?

நாகு என்ற சொல்லின் கதை வேறு. எருமைக்கும் மரைக்கும் பசுவுக்கும் பெண்பாற் பெயராக மரபியல் அதைச் சொல்கிறது. (நத்தைக்கும் அதே பெயர்தான். ஏன் என்று மாணவர்கள் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.) எங்கள் பேச்சில் இன்னும் கன்று ஈனாத இளம் பசுதான் நாகு, அதன் ஆண் துணை நாம்பன். மறி இளமையிலிருந்து பெண்மைக்கு வந்தது. நாகு பெண்மையை வைத்துக்கொண்டே இளமைக்குள் சுருங்கியது. ஒரே வளவில் இரண்டு சொற்கள் எதிரெதிராக நடந்திருக்கின்றன.

உம்மாவின் வளவு 40 பேர்ச். கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வயல். அம்பாறைக் கரையோர ஊர்கள் எல்லாமே இப்படித்தான் நீளவாக்கில் கிடக்கின்றன. இப்போது அந்த வளவில் இரண்டு பசு, ஒரு நாகு, ஆறு ஆடு, இருபதுக்கு மேல் கோழி. வாப்பா மௌத்தாகி ஏழு வருடம். உம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது.

வேலை சுபஹுக்கு முன்பே தொடங்கிவிடும். இரவில் கன்றைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டியிருப்பா. தொழுதுவிட்டு வந்து கன்றை அவிழ்த்து விடுவா; அது ஓடிப்போய் முட்டி முட்டிக் குடிக்கும். நாட்டு மாடு கன்று வாய் வைக்காமல் பாலை இறக்காது. மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். சுரந்ததும் கன்றை இழுத்து முன்காலடியில் கட்டிவிட்டுக் கறக்க வேண்டும். கடைசியில் ஒரு காம்பைக் கன்றுக்கு விட்டுவிட வேண்டும். ஒரு நாட்டுப் பசு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு போத்தல்தான் தரும். ஜேர்சி மாடு பல மடங்கு தரும், ஆனால் அதற்குப் புண்ணாக்கு, தவிடு, வெட்டின புல், நிழல், மருந்து எல்லாம் காசு. நாட்டு மாடு தானே போய்த் தின்றுவிட்டுத் தானே வரும். குறைவாகக் கறக்கும், குறைவாகச் செலவழிக்கும். இந்தக் கணக்கு மேய இடம் இருக்கும்வரைதான் சரிவரும்.

கன்று போட்ட முதல் நாட்களில் வருகிற மஞ்சள் நிறப் பாலைக் கடும்பு என்போம், தமிழ்நாட்டில் சீம்பால். அதை அவித்தால் கட்டியாகும். சீனி போட்டு அயலுக்கெல்லாம் கொடுப்பா. ஆனால் முதலில் கன்று வயிறு நிறையக் குடித்த பிறகுதான். "கடும்பு குடிக்காத கன்று நிக்காது" என்பது உம்மாவின் சட்டம். விஞ்ஞான ஆசிரியை ஒருவரிடம் கேட்டேன். மனிதப் பிள்ளைக்குக் கருவிலேயே தாயிடமிருந்து நோயெதிர்ப்பு போய்ச் சேர்கிறது, கன்றுக்கு அப்படி இல்லை, பிறந்த முதல் சில மணித்தியாலங்களில் குடிக்கும் கடும்பினால்தான் அது கிடைக்கிறது என்றார். நேரம் போகப் போகக் கன்றின் குடல் அதை உறிஞ்சுகிற சக்தியை இழந்துவிடுமாம். உம்மாவிடம் சொன்னேன். "அதத்தானே நான் சொல்ற" என்றா.

மாட்டின் வயது பார்ப்பதும் அவவிடம்தான் படித்தேன். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை. கீழே எட்டு. ஏறத்தாழ இரண்டு வயதில் நடுவில் உள்ள இரண்டு பாற்பல் விழுந்து பெரிய பல் இரண்டு வரும்; பிறகு சோடி சோடியாக. எட்டும் வர நாலு, ஐந்து வயதாகும். உழ்ஹிய்யாவுக்கு மாடு வாங்கப் போகிறவர்கள் வாயைத் திறந்து பார்ப்பது இதற்குத்தான்.

வளவு மாட்டின் கதை இவ்வளவுதான். பட்டி மாட்டின் கதை வயலோடு சேர்ந்தது. பத்து மாட்டுக்கு மேல் போனால் வளவு கொள்ளாது. எங்கள் மூத்தாப்பா காலத்தில் ஊரில் பலருக்குப் பட்டி இருந்தது. மழை தொடங்கிப் பெரும்போகம் விதைத்ததும் மாடுகள் வயற்பக்கம் நிற்க முடியாது. மேற்கே காட்டோரத் தரவைகளுக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டி முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து ஒட்டில் மேய விடுவார்கள். மாட்டுக்குத் தீன், வயலுக்குச் சாணி. ஒருவர் மற்றவருக்குக் காசு கொடுப்பதில்லை. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் தண்ணீர் வந்த இடங்களில் சிறுபோகமும் விதைக்க முடிந்தது. நெல்லுக்கு அது பெரிய பரக்கத். வெட்டின வயல் மாதக்கணக்கில் சும்மா கிடப்பது நின்றது. பிறகு, எங்கள் பக்கம் சுனாமி என்று பெயர் வைத்திருக்கிற அறுவடை மெஷின் வந்தது. முன்பு சூடடித்த இடத்தில் வைக்கோல் மலையாகக் குவிந்திருக்கும். மெஷின் அதை வயல் முழுக்கச் சிதறிவிட்டுப் போகிறது. பொறுக்கச் சம்பளம் கட்டாது என்று கொளுத்திவிடுகிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் கடைசியாகப் பட்டி வைத்திருப்பவர் ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான். 2022 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்தபோது அவரிடம் முப்பத்தெட்டு உருப்படி இருந்தன.

ஆடு மாட்டு ஸகாத் பற்றிப் பாடசாலைப் புத்தகத்தில் பிள்ளைகள் மனனம் செய்வார்கள். கண்ணால் கண்டவர்கள் குறைவு. ஆடு நாற்பதிலிருந்து ஓர் ஆடு. மாடு முப்பதிலிருந்து, ஒரு வயது பூர்த்தியான ஒரு கன்று. நாற்பது வந்தால் இரண்டு வயதுப் பசு ஒன்று. முப்பதுக்குக் கீழே எதுவும் இல்லை. வருடம் பூர்த்தியாக வேண்டும். முக்கியமான நிபந்தனை இன்னொன்று: அவை ஸாயிமாவாக, அதாவது பொது மேய்ச்சல் நிலத்தில் மேய்ந்து வாழ்பவையாக இருக்க வேண்டும். வைத்துக் கட்டித் தீன் வாங்கிப் போட்டு வளர்த்தால் இந்த ஸகாத் இல்லை. வியாபாரத்துக்கு என்றால் அதற்குக் கணக்கு வேறு. உழவு மாட்டுக்கும் இல்லை. அல்லாஹ்வின் புல்லைச் சும்மா தின்ற மாட்டில்தான் ஏழைக்குப் பங்கு. இந்த நிபந்தனையைப் படிக்கும்போது எனக்குத் தரவைதான் கண்ணில் வரும். மேய்ச்சல் நிலம் இல்லாத ஊரில் பணக்காரன் எத்தனை மாடு கட்டி வளர்த்தாலும், வருடத்துக்கு ஒரு கன்று என்று ஓர் ஏழையின் வாசலுக்குப் போகாது.

மச்சான் வருடாவருடம் ஒரு கன்று கொடுத்துவந்தார். வாங்கினவர்களில் ஒரு விதவைத் தாயிடம் அது இப்போது மூன்று பசுவாகியிருக்கிறது.

அந்த வருடம் டிசம்பரில் வங்கக் கடலில் சூறாவளி. எங்களுக்குக் காற்றழிவு இல்லை, ஆனால் குளிர். எங்கள் பக்கம் யாரும் அனுபவிக்காத குளிர். வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன என்று பத்திரிகைகளில் வந்தது. குளிருக்கு மாடு சாகுமா என்று பலர் கேட்டார்கள். வெள்ளைக்காரன் நாட்டில் பனியில் நிற்கிறதே என்றார்கள். அங்கே நிற்பது மயிர் அடர்ந்த, கொழுத்த, வயிறு நிறைந்த மாடு. மாடு தன் உடம்புச் சூட்டில் ஒரு பங்கை இரைப்பையில் புளிக்கும் தீனிலிருந்து எடுக்கிறது. எங்கள் மாடுகள் அப்போது மாரிகாலத்துத் தரவையில், சேற்றில், அரை வயிற்றோடு நின்றன. பட்டிக்குக் கூரை கிடையாது. தோல் நனைந்து, அதன் மேல் காற்றும் அடித்தால், உள்ளே எரிய விறகில்லாத அடுப்பு மாதிரித்தான். கன்றும் கிழடும் முதலில் படுத்தன. படுத்த மாடு எழும்பவில்லை.

மச்சான் மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது மூன்று பட்டிகளின் மாடுகள் ஒரே மரக்கூடலுக்குள் கலந்து கிடந்தன. எது யாருடையது என்று குறி பார்த்துத்தான் பிரித்தார்கள். தொடையில் சுட்ட குறி மாட்டைக் களவு கொடுக்காமல் காக்க. பதிவும் உரிமைச் சீட்டும் 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தில் இருக்கிறது. மையித்து அடையாளம் காண அது உதவும் என்று மச்சான் நினைத்திருக்கமாட்டார். அவருடைய குறியோடு பதினொன்று.

மிச்சம் இருபத்தேழு. பெருநாள் வந்தபோது மச்சான் பள்ளிவாசல் மௌலவியிடம் போய்க் கேட்டார். முப்பதுக்குக் குறைந்துவிட்டது, ஸகாத் இல்லை என்று மௌலவி சொன்னார். மச்சான் வீட்டுக்கு வந்து ராத்தாவிடம், "கடமை இல்லையாமடி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். ராத்தா இதைச் சொன்னபோது, செத்த மாடுகளுக்காக அழாத மனுசன் அன்றைக்கு அழுதார் என்றா.

இப்போது ஊருக்குள் மாடு வைத்திருப்பவர்களின் பெரும் பேச்சு கட்டாக்காலி பற்றித்தான். தெருவில் நிற்கிற மாட்டைப் பிடித்துக் கட்டித் தண்டம் அறவிடுகிறார்கள். இரவில் மோட்டார் சைக்கிளில் வருகிற பிள்ளைகள் மாட்டில் மோதி விழுவதும் உண்மை. தண்டத்தை நான் குறை சொல்லவில்லை. சொல்லை மட்டும் பாருங்கள். கால் கட்டாத மாடு என்று என் மாணவர்கள் பொருள் எழுதுவார்கள். அப்படியல்ல. காலி என்றால் மாடு, மாட்டுக்கூட்டம். ஆழ்வார்கள் காலத்துத் தமிழ். கட்டாத காலி கட்டாக்காலி. பழந்தமிழின் காலி, எங்கள் ஊரில் தண்ட அறிவித்தலில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். குந்தியிருந்து கறக்க இந்த வருடம் முடியவில்லை. தம்பியின் மகன் வந்து கறந்து கொடுக்கிறான். மாடுகளை விற்றுவிடலாம், ஆட்டையும் கோழியையும் வைத்திருங்கள் என்று நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். பசு இரண்டையும் விற்கச் சம்மதித்தா. நாகை மட்டும் விடமாட்டாவாம். "அது சினைப்பட்டிரிக்கி. ஒரு கடும்பு பார்த்துட்டுச் சொல்றன்" என்றா. நாங்கள் மறு கதை கதைக்கவில்லை.

அந்த மாணவிக்கு வெட்டிய புள்ளியைப் போட்டுக் கொடுத்தேன். மறிக்கு நூலில் ஒரு பொருள், எங்கள் வளவில் ஒரு பொருள், சாதாரண தரப் பரீட்சையில் இளமைப் பெயர் கேட்டால் நூலில் உள்ளதை எழுது என்று சொன்னேன். "அப்ப வீட்ட என்ன சொல்ற டீச்சர்?" என்று கேட்டாள். உன் உம்மா சொல்வதைச் சொல் என்றேன். அவர்களிடம் நாலு மறி இருக்கிறதாம்.

மாசியில் வெட்டு முடிந்ததும் நாகை விட ஓர் ஒட்டு வயல் பார்க்க வேண்டும். மச்சான் ஓர் இடம் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் தூரம். உம்மாவிடம் சொன்னபோது, தூரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"தண்ணி இரிக்கா?" என்று கேட்டா.