இதயம் இல்லாத ஓட்டம்

இரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படியொரு இதயம் நமக்கு இல்லை. ஆனாலும் அது கணுக்காலிலிருந்து கழுத்து வரை ஏறிவிடுகிறது.

கசிவும் மிச்சமும்

நுண்ணிய இரத்தக்குழாய்களிலிருந்து திரவம் ஓயாமல் கசிந்து திசுக்களை நனைக்கிறது. கசிந்ததெல்லாம் அப்படியே திரும்புவதில்லை. நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர் மிஞ்சும் என்பது பாடநூல் கணக்கு. அதோடு வெளியேறிய புரதங்களும் இருக்கும். இரண்டையும் நிணநீராக அள்ளிக்கொண்டு போவது நிணநீர்க் குழாய்களின் வேலை.

எப்படி ஏறுகிறது?

குழாய்ச் சுவரில் உள்ள தசை தானாகவே சுருங்கி விரியும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை அழுத்தும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு உறிஞ்சும். ஏறிய நீர் கீழே இறங்காதபடி உள்ளே வால்வுகள் தடுக்கின்றன. இரு கால்கள், வயிறு, உடலின் இடது மேல்பாதி ஆகியவற்றின் நிணநீர், இடது காறை எலும்புக்குப் பின்னால் இரத்தத்தில் கலக்கிறது. வலக்கை, வலது தலை, வலது மார்பு ஆகியவற்றுக்கு மட்டும் தனி வழி.

குடலில் செரித்த கொழுப்பும் நிணநீர்க் குழாய்களில்தான் போகும். சாப்பிட்ட பிறகு அவை பால்போல் வெளுத்திருக்கும். 1622இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது கண்டது இந்த வெண்மையைத்தான்.

நெறி கட்டினால்

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அது வழியில் வடிகட்டிபோல் உள்ள நிணநீர்க் கணு கிருமியோடு மல்லுக்கட்டுவதன் அடையாளம். புண் ஆறியதும் பெரும்பாலும் வற்றிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வலியில்லாமல் வளர்ந்தாலோ, கெட்டியாக இருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதை விட்டுவிட்டு நிணநீரைச் ‘சுத்தம் செய்யும்’ பானங்களுக்குக் காசைக் கொட்டுவது வீண்.

வழி அடைபடும்போது

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் கணுக்களை அகற்றியவர்களில் சிலருக்குக் கை வீங்குகிறது. யானைக்கால் நோயில் வழியை மறிப்பது புழு. நம் ஊர்களில் சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. வளர்ந்த புழு நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் வாழும். அதன் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் மிகுதியாகத் திரியும். சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரி வந்து விரலில் இரத்தம் எடுப்பது அதனால்தான். இலங்கை இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது.

முற்றிய வீக்கம் மாத்திரையால் மட்டும் வடியாது. காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து, உட்காரும்போது உயர்த்தி வைத்து, கணுக்காலை அசைத்துவந்தால் அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் குறையும்.