காவலரும் நம்மவரே: வட அயர்லாந்து தரும் பாடம்

கப்பர்நாகும் ஊரில் நூற்றுவர் தலைவர் ஒருவர் இருந்தார். அவர் யூதரல்லர், ஆளுவோரின் படையைச் சேர்ந்தவர், கையில் ஆயுதமும் ஏவலுக்கு வீரர்களும் உடையவர். அத்தகையவரைக் கண்டால் குடிமக்கள் ஒதுங்கிப் போவதே உலக வழக்கு. ஆனால் அவருடைய ஊழியர் நோயுற்றுச் சாகக் கிடந்தபோது, அவ்வூரின் யூத மூப்பர்களே ஆண்டவரிடம் சென்று அவருக்காகப் பரிந்து பேசினார்கள் என்று லூக்கா நற்செய்தி கூறுகிறது. அவர் தங்கள் மக்களை நேசிப்பவர், தங்களுக்குத் தொழுகைக்கூடம் கட்டித் தந்தவர் என்பதே அவர்கள் சொன்ன காரணம். அந்த அதிகாரியின் விசுவாசத்தைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம்; நற்கருணை வாங்குமுன் அவர் சொன்னதையே நமது செபமாக்கிக் கொள்ளுகிறோம். ஆயினும், ஆயுதம் தாங்கிய ஓர் அதிகாரிக்காக ஊரார் தாமாகவே வந்து பேசினார்கள் என்னும் செய்தியை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

ஓர் ஊரின் காவலருக்காக அவ்வூர் மக்கள் பரிந்து பேசும் நிலை எப்படி உண்டாகிறது? எப்படிக் கெடுகிறது? கெட்டபின் அதனை மீண்டும் உண்டாக்க முடியுமா? இக்கேள்விகளுக்கு விடை தேடுவோர் வட அயர்லாந்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும். அங்கே இந்தச் சிக்கலின் நடுவில் அகப்பட்டுத் தவித்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற கத்தோலிக்கப் பங்குக் குடும்பத்தினர்.

இருவகைக் காவல்

இலண்டன் மாநகரின் காவல்துறையை 1829-ஆம் ஆண்டில் நிறுவியவர் சர் இராபர்ட் பீல். அக்காவலர்கள் துப்பாக்கி ஏந்தாமல் தெருக்களில் நடந்து சென்றனர். மக்களின் இசைவே அவர்களுடைய வலிமையாகக் கருதப்பட்டது. ஆனால் அதே பீல், அதற்கு முன்னர் அயர்லாந்தில் தலைமைச் செயலராக இருந்தபோது, 1814-இல் வேறு வகையான படையொன்றை அமைத்தார். அடங்காத குடிகளை அடக்குவதே அதன் நோக்கம். பின்னர் அங்கே வளர்ந்த ஐரிஷ் காவற்படையினர் துப்பாக்கி தாங்கினர். மக்களோடு கலவாமல் தனிக் குடியிருப்புகளில் தங்கினர். சொந்த மாவட்டத்தில் பணியாற்ற அவர்களுக்கு அனுமதி இல்லை. இலண்டனில் காவலர் மக்களின் பணியாளர். அயர்லாந்திலோ ஆட்சியின் கை.

இதில் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1843-இல் சிந்துப் பகுதியைக் கைப்பற்றிய சர் சார்லஸ் நேப்பியர், தாம் அங்கே அமைத்த காவற்படைக்கு இலண்டனை விடுத்து அயர்லாந்தையே மாதிரியாகக் கொண்டார். அம்முறை பிற மாகாணங்களுக்கும் பரவிற்று. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடிகளைச் சித்திரவதை செய்தார்கள் என்ற முறையீடு எழுந்து, 1855-இல் விசாரணைக்குழு அறிக்கை தந்தது. அதன்பின் 1859-இல் இம்மாகாணத்துக்கென்று தனிக் காவல் சட்டம் வந்தது. 1861-இல் இந்தியக் காவல் சட்டம் வந்தது. ஆகவே அயர்லாந்தின் கதை நமக்கு முற்றிலும் அந்நியமான கதை அன்று.

வேரோடிய ஐயம்

1921-இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது வடபகுதியின் ஆறு மாவட்டங்கள் பிரித்தானிய ஆட்சியின் கீழ் நின்றன. அங்கே புராட்டஸ்டண்டு சபையினர் பெரும்பான்மையினர். கத்தோலிக்கர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். 1922-இல் அரச அல்ஸ்டர் காவற்படை தோற்றுவிக்கப்பட்டபோது, மூன்றில் ஒரு பங்கு இடங்கள் கத்தோலிக்கருக்கென ஒதுக்கப்பட்டன. அவ்விடங்கள் ஒருபோதும் முழுமையாக நிரம்பவில்லை. புதிய அரசையே ஏற்காத கத்தோலிக்கர் பலர் அதன் சீருடையை அணிய மறுத்தனர். அணிந்தவரை அவருடைய உறவினரும் அண்டை வீட்டாரும் ஐயத்தோடு பார்த்தனர். படையிலோ அவர்களுக்கு அந்நிய உணர்வு. இவ்வாறு விலகி நின்றதனால் படை மேலும் ஒருதலைப்பட்சமாயிற்று. ஒருதலைப்பட்சமானதனால் மக்கள் மேலும் விலகினர்.

1968 அக்டோபர் 5-ஆம் நாள் டெர்ரி நகரில் வீட்டுவசதியிலும் வாக்குரிமையிலும் சம நீதி கேட்டு ஊர்வலம் சென்றவர்கள்மீது காவலர் தடியடி நடத்தினர். தொலைக்காட்சியில் உலகமே அதைக் கண்டது. அடுத்த ஆண்டில் கலவரம் மூண்டது, படைகள் இறக்கப்பட்டன. அன்று தொடங்கிய முப்பதாண்டுத் துயரத்தில் 3,500 பேருக்கும் அதிகமானோர் மாண்டனர்.

மாண்டவர்களுள் 300-க்கும் மேற்பட்டோர் காவலர்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. அவர்களுக்கும் மனைவி மக்கள் இருந்தனர். துவைத்த சீருடையை வீட்டுக் கொடியில் உலர்த்தக்கூட அக்குடும்பங்கள் அஞ்சின. பச்சை நிறச் சட்டையே பகைவருக்கு அடையாளம் காட்டிவிடும். தந்தையின் தொழில் என்னவென்று பள்ளியில் கேட்டால் சொல்லலாகாது என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். ஒவ்வொரு நாள் காலையிலும் காரை எடுக்குமுன் குனிந்து அதன் அடியில் வெடிகுண்டு இருக்கிறதா என்று பார்த்தனர். அச்சம் தெருவின் இருபுறத்திலும் குடியிருந்தது.

பெரிய வெள்ளியின் கனி

1998 ஏப்ரல் 10-ஆம் நாள், பெரிய வெள்ளிக்கிழமையன்று, பெல்பாஸ்ட் நகரில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. காவல்துறையைப் பற்றி அன்றே முடிவு காண இயலவில்லை; அதற்கெனத் தனிக் குழுவொன்று அமைக்க ஒப்புக்கொண்டனர். ஹாங்காங்கின் கடைசி ஆளுநராக இருந்த கிறிஸ் பேட்டன் அதன் தலைவரானார். அவர் ஒரு கத்தோலிக்கர்.

அக்குழு ஊர் ஊராகச் சென்று பொதுக்கூட்டம் கூட்டியது. பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் வந்தனர். மகனைக் காவலரின் கையில் இழந்த தாயும் பேசினாள். கணவனைக் காவற்பணியில் இழந்த விதவையும் பேசினாள். இரு பக்கத்தாரின் கண்ணீரையும் கேட்ட பின்னரே, 1999 செப்டம்பரில் 175 பரிந்துரைகள் அடங்கிய அறிக்கை வெளிவந்தது.

அதன்படி 2001 நவம்பர் 4-ஆம் நாள் பழைய பெயர் மாறி, வட அயர்லாந்துக் காவல் சேவை என்னும் பெயர் வந்தது. படை என்ற சொல் போய்ச் சேவை என்ற சொல் வந்ததைக் கவனிக்க வேண்டும். புதிய சின்னத்தில் புனித பத்திரிசியாரின் சிலுவையைச் சுற்றி அரச முடியும், ஐரிஷ் யாழும், மூவிலைத் தழையும், நீதியின் தராசும் ஒன்றாக இடம்பெற்றன. ஒவ்வொரு சாராரும் தமக்குரியதை அதில் கண்டனர்.

பெயரும் சின்னமும் மாறினால் போதுமா? போதாது. ஆகவே மூன்று பெரிய மாற்றங்கள் செய்யப்பட்டன. முதலாவது, ஆள் சேர்ப்பு. புதிதாகச் சேர்க்கப்படும் காவலரில் பாதிப்பேர் கத்தோலிக்கராகவும் பாதிப்பேர் பிறராகவும் இருக்க வேண்டும் என்ற விதி 2001 முதல் 2011 வரை நடைமுறையில் இருந்தது. முன்னர் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் இருந்த கத்தோலிக்கர், அப்பத்தாண்டுகளில் நூற்றுக்கு முப்பது பேர் அளவுக்கு உயர்ந்தனர். இரண்டாவது, மேற்பார்வை. அரசியல் கட்சியினர் பத்துப் பேரும் பொதுமக்கள் ஒன்பது பேரும் கொண்ட காவல் வாரியத்துக்குத் தலைமைக் காவல் அதிகாரி கணக்குக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, முறையீடு. காவலர்மீது புகார் வந்தால் அதைக் காவல்துறையே விசாரிக்கும் வழக்கம் ஒழிந்தது. சொந்தப் புலனாய்வாளர்களைக் கொண்ட, காவல்துறைக்குக் கட்டுப்படாத குறைதீர்ப்பாளர் பதவி 2000-இல் செயற்படத் தொடங்கியது. முதலில் அப்பதவி வகித்த நூவலா ஓ'லோன் அம்மையார், காவல்துறையின் பழைய தவறுகளை அஞ்சாமல் வெளியிட்டார். காவலர் பலருக்கு அது கசந்தது. ஆயினும் தவறு மறைக்கப்படாது என்ற நம்பிக்கை மக்களுக்குப் பிறந்தது.

மக்கள் தரப்பிலும் கதவுகள் திறந்தன. 2001-இல் வட அயர்லாந்தின் கத்தோலிக்க ஆயர்கள், நடுநிலையான காவல்துறையை விரும்புவோர் இந்த வாய்ப்பைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தனர். பங்குதோறும் இளைஞரைத் திரட்டிவந்த கேலிக் விளையாட்டுச் சங்கம், காவலர் உறுப்பினராகலாகாது என்று நெடுங்காலமாக வைத்திருந்த தடையை அதே ஆண்டு நவம்பரில் நீக்கியது. காவல்துறையை அதுவரை ஏற்காதிருந்த சின் ஃபெயின் கட்சியும் 2007 சனவரியில் ஏற்றுக்கொண்டது.

ஒரு தாயின் வேண்டுகோள்

இம்மாற்றத்துக்கு இரத்தம் சிந்தி விலை கொடுத்தவர்களும் உண்டு. ரோனன் கெர் என்பவர் இருபத்தைந்து வயதுக் கத்தோலிக்க இளைஞர். கேலிக் கால்பந்து ஆடியவர். புதிதாகக் காவற்பணியில் சேர்ந்தவர். 2011 ஏப்ரல் 2-ஆம் நாள் ஓமா நகரில் அவருடைய காரின் அடியில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து அவர் மாண்டார். சமாதானத்தை ஏற்காத ஒரு சிறு கூட்டத்தாரின் செயல் அது. கத்தோலிக்க இளைஞர் காவல்துறையில் சேரக்கூடாது என்று அச்சுறுத்துவதே அவர்களுடைய எண்ணம்.

மறுநாள் அந்நாட்டில் அன்னையர் ஞாயிறு. மகனை இழந்த அந்தத் தாய், பழிவாங்கும்படி யாரையும் தூண்டவில்லை. கத்தோலிக்க இளைஞர்கள் இதைக் கண்டு பின்வாங்கலாகாது என்றே அவர் வேண்டிக்கொண்டார். பெரா என்னும் சிற்றூரில் அடக்கத் திருப்பலி நடந்தபோது, கேலிக் சங்கத்து வீரர்களும் காவல்துறையினரும் சவப்பெட்டியை முறைமாற்றிச் சுமந்து சென்றனர். பத்தாண்டுகளுக்குமுன் எவரும் எண்ணிப் பார்த்திராத காட்சி அது. அந்நாட்டின் புராட்டஸ்டண்டு முதலமைச்சர் பீட்டர் இராபின்சனும் கோவிலுக்குள் வந்து திருப்பலியில் அமர்ந்திருந்தார்.

முடியாத பணி

இத்துடன் எல்லாம் நலமாயிற்று என்று சொல்வதற்கில்லை. பாதிக்குப் பாதி விதி 2011-இல் நிறுத்தப்பட்ட பின்னர், கத்தோலிக்கக் காவலரின் அளவு மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நின்றுவிட்டது. 2021-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கிலோ, கத்தோலிக்கப் பின்னணி உடையோர் நூற்றுக்கு 45.7 பேராகிப் புராட்டஸ்டண்டுப் பின்னணி உடையோரைவிட மிகுந்திருந்தனர். 2023 பிப்ரவரியில், சிறுவர்களுக்குக் கால்பந்துப் பயிற்சி அளித்து முடித்த காவல் அதிகாரி ஒருவர் அதே ஓமா நகரில் சுடப்பட்டுப் படுகாயமுற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் காவலரும் பணியாளருமாக ஏறத்தாழப் பத்தாயிரம் பேரின் பெயர் விவரங்கள் காவல்துறையின் கவனக்குறைவால் வெளியாகி, பல குடும்பங்கள் மீண்டும் அச்சத்துக்குள்ளாயின. நூறாண்டுக் காலம் வளர்ந்த ஐயம் இருபது ஆண்டுகளில் முற்றிலும் மறைந்துவிடுமா? நட்ட கன்றுக்கு நாள்தோறும் நீர் வார்க்க வேண்டும்.

நம் இல்லங்களில்

அன்பார்ந்த பெற்றோரே, இக்கதையைப் படித்துவிட்டு நம் ஊரை நினைத்துப் பார்ப்போம். சாப்பிட மறுக்கும் குழந்தையிடம், "போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்" என்று சொல்லும் வழக்கம் நம்மில் எத்தனை வீடுகளில் உண்டு! பாலோடு சேர்த்து ஊட்டிய அந்த அச்சம், வளர்ந்தபின் வழி தவறிய வேளையில் அதே குழந்தையைக் காவலரிடம் உதவி கேட்கவொட்டாமல் தடுக்கும்.

நமது பங்குத் திருவிழாவில் தேர்ப்பவனி முடியும்வரை காவலர்கள் இரவெல்லாம் நிற்கிறார்கள். நாம் நம் வீட்டாரோடு பண்டிகை கொண்டாடும் அந்நேரத்தில் அவர்கள் தம் வீட்டாரைப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு குவளைக் காப்பி கொடுத்து, பெயர் கேட்டு, நன்றி கூறுவதற்கு எத்தனை பேர் முன்வருகிறோம்? நம் பிள்ளைகளுள் தகுதியுள்ளோர் அப்பணியில் சேர விரும்பினால், அதனை இழிவாகவோ வெறும் பிழைப்பாகவோ கருதாமல், அயலாருக்குச் செய்யும் தொண்டாகக் கருதி ஊக்குவோம்.

அதே வேளையில், நல்லுறவு என்பது தவறுக்குக் கண்ணை மூடிக்கொள்வதன்று. கைது செய்யப்படுவோருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள அனுமதி வேண்டும், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதிபதியின்முன் நிறுத்தப்பட வேண்டும் என்று நமது அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு கூறுகிறது. கைதான செய்தியை உறவினருக்கு அறிவிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1996-இல் விதித்தது. இவற்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். காவல் நிலையத்தில் ஓர் ஏழைக்கு அநீதி இழைக்கப்பட்டால், அவன் நம் பங்கைச் சேர்ந்தவனா, நம் சாதிக்காரனா என்று பாராமல் அவனுக்குத் துணை நிற்க வேண்டும். குறைதீர்ப்பாளரின் கண்டிப்பினால் வட அயர்லாந்துக் காவல்துறை அழிந்துவிடவில்லை. அதனால்தான் மக்கள் அதனை நம்பத் தொடங்கினார்கள்.

இன்னொன்றையும் மனச்சாட்சியோடு கேட்டுக்கொள்வோம். நேர்மையான காவலர் வேண்டும் என்று சொல்லும் நாமே, நம் மகன் விதியை மீறிப் பிடிபட்டால் யாரைப் பிடித்துச் சிபாரிசு செய்யலாம், எவ்வளவு கொடுத்து முடிக்கலாம் என்று தேடுகிறோம். நமக்காக விதியை வளைத்த கை, நாளை நம் அண்டை வீட்டு ஏழைக்கு எதிராகவும் வளைக்கும். அடுத்த முறை அத்தகைய சோதனை வரும்போது, கைப்பேசியை எடுப்பதற்குமுன் சற்று நின்று சிந்திப்போம்.