உங்களுக்குத் தெரியுமா? காகத்தையும் எழுதுங்கள்!

● பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களைப் பதிவு செய்யும் ‘இபேர்ட்’ தளம், 2002-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. பட்டியலை அனுப்பும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? ஆய்வாளர்களுக்கு உயிர்நாடி இந்தக் கேள்விதான். ‘ஆம்’ என்றால், பட்டியலில் இல்லாத பறவை அன்று அங்கே உங்கள் கண்ணிலோ காதிலோ படவில்லை என்று பொருள். பார்க்காததும் தகவலாகிவிடுகிறது! நூறு முழுப் பட்டியல்களில் எத்தனையில் ஒரு பறவை வருகிறது என்று ஆண்டுவாரியாக ஒப்பிட்டுத்தான் அது பெருகுகிறதா, அருகுகிறதா என்று கணிக்கிறார்கள். அபூர்வப் பறவையை மட்டும் குறித்துவிட்டு, காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு ‘ஆம்’ என்று சொன்னால் கணக்கே பிசகிவிடும்.

● முழுப் பட்டியலுக்குத் தொடங்கிய நேரமும் பார்த்த நிமிடங்களும் கட்டாயம் வேண்டும்; நடந்தபடி பார்த்தால் தூரமும் வேண்டும். பத்து நிமிடப் பட்டியலையும் மூன்று மணி நேரப் பட்டியலையும் ஒரே தராசில் நிறுக்க முடியாதல்லவா?

● குளிர்காலத்தில் மட்டும் வலசை வரும் பறவையை நடுக்கோடையில் பார்த்ததாக எழுதினால், இபேர்டின் கணினி உடனே தனியே எடுத்து வைக்கும். வட்டாரத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப வரம்புகள் வகுத்திருக்கிறார்கள். அப்படி நிற்கும் பதிவை அந்தப் பகுதியை நன்கறிந்த தன்னார்வலர் ஒருவர் பார்த்து, படமோ விவரமோ கேட்பார். உறுதியாகாத பதிவு உங்கள் சொந்தப் பட்டியலில் இருக்கும், ஆய்வுக்குப் போகாது. ஊதியமின்றி இந்த வேலையைச் செய்பவர்கள் நம் நன்றிக்குரியவர்கள்.

● பூச்சி, செடி, தவளை எதையும் பதியலாம் ‘ஐநேச்சுரலிஸ்ட்’ தளத்தில். அங்கே அழியும் நிலையிலுள்ள உயிரினம் என்றால், இருப்பிடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் ஏறக்குறைய 20 கி.மீ. பக்கமுள்ள கட்டத்துக்குள் மறைத்துவிடுவார்கள். வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டிவிடக் கூடாதே!

● சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் இபேர்டில் தந்த 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு உருவானது, 2023-இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை. 942 இனங்களை அலசியது அது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்ததோ 338 இனங்களுக்கு மட்டுமே. அவற்றில் 204 குறைந்திருக்கின்றன. 338-இல் அடங்காத இனங்களின் நீண்டகாலப் போக்கைச் சொல்லப் பட்டியல்கள் போதவில்லை.

● தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். வரும் பொங்கலுக்கு உங்கள் தெருவிலிருந்தும் ஒரு முழுப் பட்டியல் இபேர்டுக்குப் போகட்டும்.